மலையடிவாரத்து மைனர்கள்

திருத்தணி மலையில் நாம் கும்பிடும் கல்யாணம், பெண்ணைப் பெற்றவரைக் கேட்காமல் தொடங்கிய கல்யாணம். தினைப்புனத்தில் காவல் இருந்த வள்ளியை முருகன் கூட்டிக்கொண்டு போகிறான். நம்பிராசன் வேடர்களோடு துரத்துகிறான், அடிபட்டு விழுகிறான், எழுகிறான், அதற்குப் பிறகுதான் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கிறான். கச்சியப்பர் கந்தபுராணத்தில் சொல்லும் வரிசை அதுதான். பெண்ணின் சம்மதம் முதலில், தகப்பன் சம்மதம் பிறகு. அப்படிச் சேர்ந்த இருவரும் வந்து தங்கிய இடம் இந்தத் தணிகை மலை. முகூர்த்த நாட்களில் மேலே மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடிகளைப் பார்த்தால் கல்யாண மண்டபம் மலையேறி வந்துவிட்டதோ என்று தோன்றும்.

நான் மலைக்குக் கீழே பத்திரம் எழுதுகிறவன். தாத்தா தெலுங்கிலும் தமிழிலும் எழுதினார். அவர் காலத்தில் இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1911-க்கு முன்னால் வடஆர்க்காடு, 1953-க்குப் பிறகு ஆந்திரா. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் தாண்டி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அப்பா தமிழில் மட்டும் எழுதினார். நான் கம்ப்யூட்டரில் அடிக்கிறேன். மூன்று பேர் கையிலும் மாறாத வாசகம் ஒன்று உண்டு: நல்ல சுயநினைவோடும், பிறர் தூண்டுதல் இல்லாமலும், மனப்பூர்வமான சம்மதத்தோடும் எழுதிக்கொடுத்தது. வயது வந்த ஆளுக்கு மட்டும்தான் இந்த வரி போடலாம். மைனர் என்றால் வேறு வரி, மைனருக்காக அவருடைய தகப்பனாரும் கார்டியனுமான இன்னார் என்று வரும். வயதுப்படி முதல் வரிக்கு உரியவர்களாக இருந்தும் இரண்டாவது வரியிலேயே வைக்கப்பட்டவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். அவர்கள் கதையை யாரும் பத்திரத்தில் எழுதவில்லை.

பதினெட்டு வயது என்ற கணக்கு 1875-ஆம் வருஷத்து மேஜாரிட்டி சட்டத்தில் வந்தது. அதிலேயே ஒரு விலக்கும் இருந்தது. கோர்ட்டார் கார்டியன் நியமித்திருந்தாலோ, சொத்து கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்தாலோ, அந்தப் பிள்ளை இருபத்தொரு வயதில்தான் மேஜர். கூலிக்காரன் மகன் பதினெட்டில் ஆளாகிவிடுவான், ஜமீன்தார் மகனுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. இந்தப் பிரிவு 1999-ல்தான் நீங்கியது. எங்கள் ஊர் கார்வேட்டிநகர் ஜமீனில் இருந்த ஊர் என்பதால் ஜமீன் கதைகள் எங்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்படும். சென்னையில் 1804-லேயே கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் ஒழுங்குமுறை வந்துவிட்டது, 1902-ல் முழுச் சட்டம். மைனர் வாரிசு மட்டுமல்ல, நிர்வாகம் செய்யத் தகுதியில்லாதவர் என்று சர்க்கார் முடிவு செய்த வளர்ந்த ஜமீன்தாரும், ஜமீன்தாரிணியும் அதில் அடங்குவார்கள். கலெக்டர் வரவு செலவு பார்ப்பார், இவர்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் வரும். இளைய ஜமீன்தார்களை வளர்க்கச் சென்னைத் தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற மாளிகையும் இருந்தது. 1919 அக்டோபரில் அதன் தலைமை ஆசிரியர் டி லா ஹே தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே தங்கியிருந்த இளம் ஜமீன்தார்கள் மேல் சந்தேகம் விழுந்தது, வழக்கு பம்பாய் வரை போனது, தண்டனை யாருக்கும் இல்லை. மீசை முளைத்தவர்களை எத்தனை மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் வைத்த வீடு அது. அந்த வீட்டைப் பற்றி எனக்குப் பெரிய பரிதாபம் கிடையாது. ராஜாவை மைனராக்கினால் அவருக்குப் பங்களாவும் வாத்தியாரும் கிடைக்கிறார்கள்.

விதவைக்கு அது கிடைக்கவில்லை. தாத்தா எழுதிய பழைய கிரயப் பத்திரங்களின் நகல்களில் ஒரு வகை தனியாகத் தெரியும். விற்கிறவர் கைம்பெண் என்றால், ஏன் விற்கிறார் என்று அரைப் பக்கம் காரணம் இருக்கும். புருஷன் வைத்த கடன், மகள் கல்யாணம், கருமாதிச் செலவு, சர்க்கார் கிஸ்தி. ஆண் விற்கும் பத்திரத்தில் குடும்பச் செலவுக்காக என்று ஒரு சொல் போதும். புருஷன் வழி வந்த சொத்தில் விதவைக்கு ஆயுசு வரைக்கும்தான் பாத்தியம், தக்க அவசியம் இல்லாமல் விற்றால் பின்வாரிசுகள் வழக்குப் போடலாம் என்பது அன்றைய இந்து சட்டம். அதனால் வாங்குகிறவர் பங்காளி கையெழுத்தையும் கேட்பார். கொழுந்தன் மகனுக்கு மீசை அரும்பியிருக்காது, பதினெட்டு முடிந்திருந்தால் போதும், அவன் சம்மதம் வேண்டும் அந்த அம்மாளுக்கு. 1956 ஜூன் 17-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து, அதன் 14-ஆம் பிரிவு அந்தக் குறைப் பாத்தியத்தை முழுப் பாத்தியமாக்கியது. சட்டம் மாறிய பிறகும் பல வருஷங்கள் ‘எதுக்கும் பங்காளியையும் சேர்த்துக்கலாம்’ என்று அப்பாவிடம் வந்து நின்றார்கள். அதே 1956-ல் வந்த இன்னொரு சட்டம், பிள்ளைக்கு இயற்கைக் கார்டியன் தகப்பன், அவருக்குப் பிறகு தாய் என்றது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிப் பத்திரம் ஒன்றுக்கு மகன் பெயரில் விண்ணப்பித்துத் தானே கார்டியனாகக் கையெழுத்துப் போட, அது ஏற்கப்படவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999-ல்தான் தகப்பன் உயிரோடு இருக்கும்போதும் தாய் கார்டியனாக இருக்க முடியும் என்று வந்தது. பெற்றவளுக்கே அந்தக் கதி.

ஆனால் இந்த மலையடிவாரத்தில் முழு வயது வந்த மனிதர்களைக் குழந்தையாக்கிய வேலை முழுமையாக நடந்தது வள்ளியின் ஆட்களுக்குத்தான்.

குறமகள் வள்ளியின் ஆட்களைக் குறவர் என்று தமிழில் சொல்கிறோம், தெலுங்கில் எருகுலா. உப்புக் குறவர், தப்பைக் குறவர், கறிவேப்பிலைக் குறவர் என்று செய்யும் தொழிலை வைத்தே பிரிவுகள். உப்புக் குறவர்கள் கடலோரத்து உப்பளங்களில் உப்பை வாங்கி, எருமை, கழுதை, மாட்டின் மேல் பொதி ஏற்றி மலைத்தொடர் தாண்டி உள்நாட்டுக்குக் கொண்டு போவார்கள், திரும்பும்போது தானியம் வரும். கிழக்குக் கடற்கரைக்கும் கடப்பைச் சீமைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பாதைகளுக்கு அந்தப் பொதிமாடுகள் தெரிந்தவை. 1805-ல் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அடுத்த அடி ரயில். அரக்கோணத்திலிருந்து திருத்தணி, ரேணிகுண்டா வழியாக ஏறிப்போன பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. பொதிமாடு ஒரு மாதம் சுமந்ததை கூட்ஸ் வண்டி இரண்டு நாளில் இறக்கியது. வேலை போன பிறகும் அவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள், கூடை முடைந்தார்கள், குறி சொன்னார்கள், பன்றி வளர்த்தார்கள். வேலை இல்லாமல் நடக்கிறவன் என்ன செய்வான் என்ற கேள்விக்கு சர்க்காரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

அந்த 1871-லேயே குற்றப் பரம்பரைச் சட்டம் வடக்கே வந்தது. 1911-ல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். 1924-ல் மறுபடியும் சேர்த்துத் தைத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். சர்க்கார் நம்பினால் போதும், ஒரு கூட்டம் முழுவதையும் கெஜட்டில் அறிவிக்கலாம், அந்த அறிவிப்பை எந்தக் கோர்ட்டும் கேட்க முடியாது. பெயர் பதிவானவர் விரல் ரேகை கொடுக்க வேண்டும். குறித்த நேரத்தில் போலீஸ் நிலையத்திலோ கிராம முன்சீப்பிடமோ ஆஜர் கொடுக்க வேண்டும். சில இடங்களில் இரவு 11 மணிக்கு ஒருமுறை, விடியற்காலை 3 மணிக்கு ஒருமுறை. ஊரை விட்டுப் போனால் சீட்டு வேண்டும், போன ஊரில் காட்ட வேண்டும், திரும்பி வந்து கொடுக்க வேண்டும். பேரன் எடுத்தவர்கள் ராத்திரியில் வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டதும் ‘இருக்கேன் சாமி’ என்றார்கள்.

தாத்தா பத்திரத்தோடு மனுவும் எழுதுவார். புத்தூர்ப் பக்கம் மகளைக் கட்டிக்கொடுக்கப் போக உத்தரவு கேட்டு ஒரு கூடை முடைகிறவருக்கு எழுதிக் கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வார். மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் திவ்விய சமுகத்துக்கு என்று தொடங்க வேண்டும். தாய் தகப்பனுக்குச் சமானமான துரையவர்கள் அடியேன் பேரில் கிருபை கூர்ந்து என்று நடுவில் வர வேண்டும். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போகும் அப்பன், இன்னொருவரை அப்பா என்று எழுத வேண்டியிருந்தது. மனு எழுத அரையணா வாங்கினேன் என்பதை மட்டும் தாத்தா கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவார்.

அதே காலத்தில் படித்த, பதவியில் இருந்த பெரியவர்களும் ஜனவரி முதல் தேதியன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாக வெள்ளைக்காரத் துரைகள் வீட்டு வாசலில் காத்து நிற்பார்கள். பவானியில் பிறந்து, மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்து, பிறகு துறவியான வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. பெரிய துரை இந்த மலையில் இருக்கிறான், அவனைப் போய்ப் பாருங்கள் என்று 1917 முடிவில் ஒரு கூட்டத்தைத் திரட்டி, திருப்புகழ் பாடிப் படிக்குப் படி பூஜை செய்து 365 படி ஏற்றினார். இன்றும் டிசம்பர் 31 இரவு நடக்கும் திருப்படித் திருவிழா அதுதான். எங்கள் ஊர் அரசியல் வரலாற்றில் எல்லைப் போராட்டத்துக்கு முன்னால் இதைத்தான் வைப்பேன். யார் வாசலில் குனிந்து நிற்பது என்பதை வளர்ந்தவர்கள் தாங்களே முடிவு செய்த இரவு அது. பெயர் கொடுக்கப் போன குறவருக்கு அப்படி வேறு வாசலைத் தேர்ந்துகொள்ள வழி இல்லை.

சீட்டும் ஆஜரும் போதாது என்று தோன்றியபோது செட்டில்மென்ட் வந்தது. குண்டூர்ச் சீமையில் சால்வேஷன் ஆர்மி நடத்திய ஸ்டூவர்ட்புரம் இதில் பெயர்போனது. ஹெரால்டு ஸ்டூவர்ட் என்ற மாகாண அதிகாரியின் பெயர் அந்த ஊருக்கு. சால்வேஷன் ஆர்மியின் இந்தியத் தலைவர் பூத் டக்கர் குற்றத்தை நோய் என்றும், தங்கள் வேலையை வைத்தியம் என்றும் வைத்துப் புத்தகமே எழுதினார். நோயாளிக்கும் குழந்தைக்கும் ஒரு ஒற்றுமை உண்டு, இரண்டு பேருடைய சம்மதத்தையும் யாரும் கேட்பதில்லை. மணியடித்தால் எழு, மணியடித்தால் ஜெபம், மணியடித்தால் வேலை. சீராலாவில் புகையிலைக் கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது, ஸ்டூவர்ட்புரத்திலிருந்து போனார்கள். திருந்துவதும் குறைந்த கூலிக்கு வேலை செய்வதும் ஒன்றாகவே கணக்கிடப்பட்டன. இதைக் குறவர்களின் பக்கத்திலிருந்து ஆராய்ந்து எழுதியவர் மீனா ராதாகிருஷ்ணா. அவருடைய புத்தகம் 2001-ல் வந்தது, தமிழில் இந்த வேலை இன்னும் போதுமான அளவு நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

சட்டத்தில் எனக்கு மிகவும் உறைத்தது இன்னொரு பிரிவு. பதிவானவர்களின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியில் வைக்க சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. பெரியவர்களைப் பிள்ளையாக்கினார்கள், நிஜப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். கார்டியன் வேலையை இப்படி யாராவது ஒரு சிவில் கோர்ட்டில் செய்திருந்தால், அடுத்த வாய்தாவிலேயே நீக்கியிருப்பார்கள்.

எதிர்த்தவர்கள் இருந்தார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பிறமலைக் கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் செத்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவா என்று பலர் பேசினார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-ல் ரத்தானது, இந்தியா முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல். ரத்தான மறு வருஷமே, 1948-ல், வழக்கமான குற்றவாளிகள் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. சாதிப் பெயரை எடுத்துவிட்டு ஆள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். போலீஸ்காரர் மனசிலிருந்து பட்டியல் போக எந்த ரத்துச் சட்டமும் இல்லை. 1993-ல் கம்மாபுரம் போலீஸ் காவலில் செத்த ராஜாக்கண்ணு குறவர். ‘ஜெய் பீம்’ பார்த்தவர்களுக்கு அவர் கதை தெரியும், படத்தில் சாதி மட்டும் மாறியிருந்தது. சிறைகளின் விதிப் புத்தகங்களில் இருந்த சாதிப் பாகுபாட்டையும், குற்றப் பரம்பரை வாடை அடிக்கும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது 2024 அக்டோபரில்.

எங்கள் எல்லையில் இதற்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. அந்தப் பக்கம் எருகுலா பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் குறவன் பட்டியல் சாதியில், கொறவர் பிரிவுகள் பல சீர்மரபினரில். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்க, நீ யார் என்பதை நீயே சொல்ல முடியாது, தாசில்தார் சொல்ல வேண்டும். சாதிச் சான்றுக்கு அலையும் பிள்ளைகளுக்கு நான் மனு எழுதிக் கொடுக்கிறேன். திவ்விய சமுகம் போய்விட்டது, சமூகம் என்று தொடங்கும் வழக்கம் முழுசாகப் போகவில்லை.

மேலே இருக்கிறவரைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்து சட்டப்படி கோயில் மூர்த்தி சொத்து வைத்திருக்கும் சட்ட ஆள், அதே சமயம் மைனர் நிலையில் இருக்கிறவர். அவர் சார்பில் தர்மகர்த்தா பேச வேண்டும். தர்மகர்த்தாவே சொத்தைத் தின்றால் பக்தர் ஒருவர் சாமிக்காக வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது. பத்தூர் நடராஜர் லண்டன் கோர்ட்டில் ஜெயித்துத் திரும்பி வந்த 1991-ஆம் வருஷத்துக் கதையும் இந்த வழியில் வந்ததுதான். பேசாத கல்லுக்கு இது பாதுகாப்பு, மறுப்பதற்கில்லை. பேசுகிற மனிதருக்கு அதே பாதுகாப்பைக் கொடுத்ததுதான் வினை. குழந்தையின் மைனர் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு, பிறந்த நாளைக் கணக்குப் பார்த்தால் தெரிந்துவிடும். வளர்ந்தவரை மைனராக்கினால் அதற்குத் தேதி கிடையாது. கார்டியனுக்கு மனசு வரும்போதுதான் முடியும். கார்டியனுக்கு அதில் வருமானம் இருந்தால் மனசு வராது. நூற்றைம்பது வருஷத்துக் காகிதங்களைப் புரட்டியதில் இதற்கு விலக்கு எனக்கு அகப்படவில்லை.

இப்போது ரேகை எடுக்க ஆள் இல்லை, ஆனால் ஆஜர் போகவில்லை. ஓட்டுப் போடும் வயதுப் பெண்கள் காலேஜ் ஹாஸ்டலில் அவுட்பாஸ் கேட்டு நிற்கிறார்கள், கேட்டைத் தாண்டினால் வீட்டுக்கு மெசேஜ் போகிறது. ஆண்கள் ஹாஸ்டலில் கேட் திறந்திருக்கிறது. கேரளத்தில் ஹாதியா வழக்கில் 24 வயதுப் பெண்ணை 2017-ல் உயர் நீதிமன்றம் பெற்றோரிடம் ஒப்படைத்தது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அவர் கல்யாணம் அவர் இஷ்டம் என்று திருப்பியது. இந்த ஊரில் கல்யாணத்தைப் பதிய வரும் ஜோடிகளின் கையில் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஆதார் எல்லாம் இருக்கும். முதல் கேள்வி, ‘வீட்ல தெரியுமாம்மா?’ பையனிடம் அந்தக் கேள்வி வருவது அபூர்வம். மேலே வள்ளி நிற்கிறாள் என்று நான் சில சமயம் சொல்லிப் பார்ப்பேன், அது சாமி கதை சார் என்பார்கள்.

என் மேஜைக்கு அதிகம் வரும் வழக்கு இப்போது வேறு. செட்டில்மென்ட் பத்திரம், அம்மா மகனுக்கு எழுதிக் கொடுப்பது. எழுபது வயது அம்மாள், நாற்பது வருஷம் தனியாகக் கழனி பார்த்தவர், வட்டிக் கணக்கு விரல் நுனியில் வைத்திருக்கிறவர். சார்பதிவாளர் அவரைப் பார்த்து, ‘என்ன எழுதிக் கொடுக்கறீங்க, யாருக்கு, சம்மதந்தானா?’ என்று கேட்பார். அது சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வி. மகன் முந்திக்கொண்டு, ‘அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது சார், நான் சொல்றேன்’ என்பார். அன்பாகத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நிமிஷம் அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொள்வார், ஆமாம் என்பார், ரேகை வைப்பார். நான் அடித்த வரி பத்திரத்தில் இருக்கும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் மனப்பூர்வமான சம்மதத்தோடும் என்று.

பெரியவர்களைப் பதிவுக்கு அழைத்து வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முந்தின நாளே பத்திரத்தை வாங்கி வந்து, முழுக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள், வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுங்கள். கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையை எழுத்திலேயே போடச் சொல்லுங்கள். கவனிக்காவிட்டால் 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி அவர் பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம், அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால் அவருக்கு வேலை சுலபம். சார்பதிவாளர் கேள்வி கேட்கும்போது நீங்கள் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, வாயை மூடிக்கொண்டிருங்கள்.